திரும்பிக்கொண்ட சங்கு: நீர்வண்ணத்திலும் லினோ அச்சிலும் ஒரு செய்முறைப் பதிவு

செதுக்கி அச்சிடும் லினோ பலகையிலிருந்து எடுத்த முதல் சோதனைப் பிரதியை உலர்வதற்காகக் கயிற்றில் கவ்வி மாட்டியிருந்தேன். அதைப் பார்த்த நண்பர் ஒருவர், "வலம்புரியா? உங்களுக்கு எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. மேசை மேல் இருந்தது 11 செ.மீ. உயரமுள்ள சாதாரண இடம்புரிச் சங்கு. அதைப் பார்த்து மூன்று அமர்வுகளில் ஒரு நீர்வண்ணப் படமும், அந்தப் படத்தை வைத்து ஒரு லினோ அச்சும் செய்திருந்தேன். நீர்வண்ணத்தில் இடம்புரியாக இருந்தது அச்சில் வலம்புரியாகிவிட்டது. இந்தப் பிழையை நான் எப்படிச் செய்தேன், அதைத் திருத்தப் போய் அந்தப் பிழையான பலகையையே எப்படிப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் நீர்வண்ணப் படம். இயற்கைப் பொருள்களை நுணுக்கமாக வரைவதற்கு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, பருத்தி நாரால் ஆன ஹாட் பிரஸ் தாளை எடுத்துக்கொள்கிறேன். அதன் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் மெல்லிய கோடு உடையாமல் நிற்கும். சொரசொரப்பான கோல்ட் பிரஸ் தாள் அகலமான பூச்சுகளுக்கு மிக நல்லது. ஆனால் சங்கின் வளர்ச்சிக் கோடுகளைப் போன்றவற்றை அதில் இழுத்தால், தூரிகை ஒவ்வொரு மேட்டிலும் தட்டிக் கோடு புள்ளிபுள்ளியாகிவிடுகிறது. ஹாட் பிரஸ் தாளுக்கும் ஒரு குணம் உண்டு. தண்ணீர் சற்றுக் கூடினாலும் வண்ணம் தேங்கி, பாதி உலர்ந்த பூச்சின் மேல் ஈரம் பரவி, காலிஃபிளவர் பூவைப் போல விளிம்பு கட்டிவிடும். எனக்கும் சங்கின் பெரிய சுற்றில் அப்படி ஒன்று விழுந்தது. முழுவதும் உலரவிட்டு, பிழிந்த தூரிகையால் அந்த விளிம்பை மட்டும் நனைத்து நனைத்து ஒற்றி எடுத்தேன். ஏறத்தாழப் போய்விட்டது, எங்கே இருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

சங்கை நுனி மேலாகவும் வாய் என்னை நோக்கியும் இருக்கும்படி களிமண் உருண்டை ஒன்றில் நிறுத்தி, மேல் இடப்பக்கத்தில் ஒரே ஒரு விளக்கை வைத்தேன். ஒளி மேல் இடப்பக்கத்திலிருந்து விழுவதாக வரைவது அறிவியல் விளக்கப்படங்களில் நெடுநாளாக இருந்துவரும் மரபு. வழக்கத்துக்காக மட்டும் நான் அதைப் பின்பற்றவில்லை. சன்னல் ஒளியில் வரைந்தால் ஒரு மணி நேரத்தில் நிழல் நகர்ந்துவிடுகிறது, படத்தில் இரண்டு நேரங்கள் கலந்துவிடுகின்றன. கவராயத்தால் உயரத்தையும் ஒவ்வொரு சுற்றின் அகலத்தையும் அளந்து, எச் பென்சிலால் மெல்லிய கோட்டில் வரைந்தேன். சுருளை வரையும்போது கண்ணை நம்பக் கூடாது என்பது என் அனுபவம். சுற்றுகள் நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் விகிதத்தைக் கை தானாகச் சமப்படுத்திவிடும், சங்கு திருகாணியாகிவிடும்.

வண்ணங்கள் நான்கே: ரா சியென்னா, பர்ன்ட் சியென்னா, அல்ட்ராமரைன் நீலம், குவினாக்ரிடோன் ரோஸ். வெள்ளை வண்ணம் கிடையாது. வெள்ளை என்பது தொடப்படாத தாள். சங்கின் வெண்மைக்கு உருவம் தருவது நிழல்தான் என்பதால், அந்தச் சாம்பல் நிறம் எப்படி இருக்கிறது என்பதில்தான் படமே இருக்கிறது. குழாயில் வரும் கறுப்பை நீர்த்துச் சாம்பலாக்கினால் சங்கு சிமெண்டில் வார்த்தது போல இருக்கும். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியென்னாவையும் கலந்தால், ஒன்று கூடும்போது குளிர்ந்த சாம்பலும் மற்றது கூடும்போது வெதுவெதுப்பான சாம்பலும் கிடைக்கின்றன. ஒரே நிழலுக்குள்ளேயே அந்த மாற்றத்தைக் கொண்டுவரலாம். அல்ட்ராமரைனின் துகள்கள் தாளின் குழிகளில் படிந்து ஒரு மணற்தன்மையைத் தருகின்றன. சுண்ணாம்புப் பொருளுக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது. வாயின் உட்புற இளஞ்சிவப்புக்கு முன்பெல்லாம் அலிசாரின் கிரிம்சன் பயன்படுத்திவந்தேன். அழகான நிறம், ஆனால் ஒளிபட்டால் மங்கும். சன்னலுக்கு எதிரே மாட்டிய பழைய படம் ஒன்றில் சிவப்பெல்லாம் பழுப்பாகப் போனதைப் பார்த்த பிறகு, குவினாக்ரிடோனுக்கு மாறிவிட்டேன்.

வாய்ப்பகுதிதான் இந்தச் சங்கில் அதிக நேரம் பிடித்த இடம். உள் உதட்டில், சங்கின் நடுத்தூணைச் சுற்றி ஓடும் மடிப்புகள், என் சங்கில், மூன்று தெளிவாகவும் நான்காவது ஒன்று இருக்கிறதா இல்லையா என்னும்படி மங்கலாகவும் இருந்தன. ஒவ்வொரு மடிப்புக்கும் மேல் விளிம்பில் ஒரு கூரிய ஒளிக்கோடு, அதன் கீழ் மென்மையாக மறையும் நிழல், அந்த நிழலின் அடியில் அடுத்த மடிப்பிலிருந்து எதிரொளித்து வரும் இளஞ்சிவப்பு. இதை ஒரே பூச்சில் பிடிக்க முடியாது. ஒளிக்கோட்டை விட்டுவிட்டு அதன் கீழே சுத்தமான தண்ணீரை மட்டும் பூசி, அது பளபளப்பு இழக்கும் தருணத்தில் சாம்பலைத் தொட்டுவிட்டால், மேல் விளிம்பு கூர்மையாகவும் கீழ் விளிம்பு கரைந்தும் நிற்கும். பளபளப்பு இருக்கும்போதே தொட்டால் வண்ணம் ஓடிவிடும். முழுதும் போன பிறகு தொட்டால் இரண்டு பக்கமும் கோடு விழும். அந்த இடைவெளி சில நொடிகள்தான். நீர்வண்ணம் உலரும்போது ஒரு படி வெளிறும் என்பதால் வேண்டியதைவிடச் சற்று அடர்த்தியாகவே தொட வேண்டும். சுற்றுகள் சேரும் இடுக்குகளில் ஒட்டியிருந்த பழுப்பு மேல்தோலின் துணுக்குகளை, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் கடைசியாக வைத்தேன்.

அடுத்து அச்சு. செதுக்குவதற்கு 15 x 20 செ.மீ. அளவுள்ள, 3.2 மி.மீ. கனமான சாம்பல் லினோ பலகை. லினோ என்பது ஆளிவிதை எண்ணெயோடு தக்கைத் தூள் போன்றவற்றைச் சேர்த்துச் சணல் துணியின் மேல் படிய வைத்த பொருள். சற்றுச் சூடாக்கினால் வெண்ணெய் போல வெட்டுப்படும், ஆறினால் ஓரம் நொறுங்கும். மரத்தைப் போல இதற்கு இழையோட்டம் கிடையாது என்பதால் சங்கின் வளைகோடுகளை எந்தத் திசையிலும் இழுக்கலாம். உளியைத் திருப்புவதைவிடப் பலகையைத் திருப்புவது நல்லது; வி வடிவ உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பலகையைச் சுழற்றினால் கோட்டின் அகலம் சீராக வரும். அந்த மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

பிழை இதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. நீர்வண்ணப் படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து உருவரையை எடுத்தேன். அதை அப்படியே குப்புறக் கவிழ்த்துப் பலகையில் தேய்த்திருந்தால் படம் இடவலம் மாறிப் பதிந்திருக்கும். அச்சிடும்போது மீண்டும் மாறி நேராக வந்திருக்கும். பென்சில் கோடு மங்கலாக இருந்ததால், டிரேசிங் தாளை நிமிர்த்தி வைத்து, கீழே கார்பன் தாளைச் செருகி, கோடுகளின் மேல் திரும்ப வரைந்துவிட்டேன். பலகையில் சங்கு மிகத் தெளிவாக வந்தது. எழுத்துகள் செதுக்குவதானால் யாரும் ஏமாற மாட்டார்கள், தலைகீழ் எழுத்து கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும். இங்கே, நான் மூன்று நாள் வரைந்த படமும் பலகையும் ஒன்றுபோலவே இருந்ததால், எல்லாம் சரியாகப் போகிறது என்றே எனக்குத் தோன்றியது. ஒன்றுபோல இருந்ததுதான் தவறு.

சோதனைப் பிரதியில் ஏதோ சரியில்லை என்று எனக்கும் பட்டது. ஆனால் ஒளி வலப்பக்கத்திலிருந்து வருவதைத்தான் முதலில் கவனித்தேன். சுருள் மாறியிருப்பது நண்பர் கேட்ட பிறகே கண்ணில் பட்டது. நுனி மேலாக, வாய் நம்மைப் பார்த்திருக்கும்படி பிடித்தால் பெரும்பாலான நத்தை, சங்கு இனங்களில் வாய் வலப்பக்கம் இருக்கும். விலங்கியலார் அதை வலச்சுழி என்கிறார்கள். தமிழில் அதுவே இடம்புரி. ஏனென்றால் நாம் சங்கை நுனி கீழாகப் பிடித்துப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறோம். பொருள் ஒன்றுதான், பிடிக்கும் விதம் வேறு. என் அச்சில் நுனி மேலாக இருக்க, வாய் இடப்பக்கம் போயிருந்தது.

இந்த வழுக்கலில் எனக்குப் பெரிய துணை உண்டு. டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1650-இல் ஒரு கூம்புச் சங்கைச் செப்புத் தகட்டில் செதுக்கியிருக்கிறார். கையெழுத்தைத் தகட்டில் கவனமாகத் திருப்பி எழுதியதால் அது அச்சில் நேராக இருக்கிறது. சங்கைக் கண்டபடியே வரைந்ததால் அது மட்டும் எதிர்ச்சுழியாக இருக்கிறது. படமாக அது அற்புதமானது. ஆனால் அந்தக் கூம்புச் சங்கு இனத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்த அச்சைப் பார்ப்பவர் தவறாகவே தெரிந்துகொள்வார். இயற்கைப் பொருளை அச்சில் எடுக்கும் எனக்கு அது சிறிய விஷயமாகத் தோன்றவில்லை.

அன்று மாலை மேசையில் இருந்த மற்றப் பொருள்களையும் இதே கண்ணோடு பார்த்தேன். இலை தப்பித்துவிடும், இடவலம் மாறினாலும் பெரும்பாலும் அதே செடியின் இன்னொரு இலையாகத்தான் தெரியும். பறவையின் இறக்கைச் சிறகு தப்பாது. பறக்க உதவும் வெளிச் சிறகுகளில், காற்றை எதிர்கொள்ளும் பக்கத்து மடல் குறுகலாகவும் மறுபக்கத்து மடல் அகலமாகவும் இருக்கும். திருப்பி அச்சிட்டால் இடது சிறகு வலது சிறகாகிவிடும். அதுவாவது உலகில் இருக்கும் பொருள். கொடிகள் அப்படியல்ல. ஒவ்வொரு இனமும் பொதுவாக ஒரே திசையில்தான் கொம்பைச் சுற்றும் என்பதால், திருப்பி அச்சிட்ட கொடி பல சமயம் எங்குமே முளைக்காத கொடி.

பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செதுக்குவது என்றுதான் முடிவு செய்தேன். அதற்கு முன் ஒன்றைச் செய்து பார்க்கத் தோன்றியது. பூச்சிகளை வரைந்த ஓவியர் மரியா சிபில்லா மெரியன் 1705-இல் வெளியிட்ட, தென் அமெரிக்காவின் சூரிநாம் பூச்சிகளைப் பற்றிய நூலில் சில படிகள் எதிர்ப்பிரதிகளாக எடுக்கப்பட்டவை. அதாவது, தகட்டிலிருந்து அப்போதுதான் அச்சான, மை காயாத தாளின் மேல் இன்னொரு தாளை வைத்து அழுத்தி எடுத்தவை. இரண்டு முறை திரும்புவதால் படம் தகட்டில் இருந்த திசைக்கே வந்துவிடுகிறது. தகட்டின் விளிம்புத் தடமும் விழுவதில்லை. கோடும் வெளிறி மென்மையாக இருப்பதால், கையால் வண்ணம் தீட்டிய பிறகு அச்சு என்பதைவிட ஓவியம் என்றே தோன்றும். என் பலகையில் சங்கு நேராகத்தானே இருக்கிறது? எதிர்ப்பிரதி எடுத்தால் நேராகவே வர வேண்டும்.

முதல் முயற்சி தோல்வி. ஒரு தாளில் அச்சிட்டு, மேலே ஈரத்தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். முதல் தாளே மையைக் குடித்துவிட்டதால் இரண்டாவதில் புகை போன்ற சாயல்தான் வந்தது. அச்சு எந்திரத்தின் அழுத்தம் இருந்தால் வந்திருக்கலாம். என்னிடம் இருப்பது கரண்டிதான். பிறகு, நடுவில் தாளுக்குப் பதிலாக மெல்லிய பாலியெஸ்டர் படலம் ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தேன். படலம் மையை உறிஞ்சாது; பலகையிலிருந்து எடுத்ததைக் கொஞ்சமும் வைத்துக்கொள்ளாமல் தாளுக்குக் கொடுத்துவிடும் என்று நினைத்தேன். முழுவதும் கொடுக்கவில்லை, ஆனால் பாதிக்கு மேல் கொடுத்தது.

இதில் சில நுணுக்கங்கள் இருந்தன. வழக்கமாக அச்சிடும் அளவுக்கு மை போட்டால் படலம் வழுக்கிக் கோடு இரட்டிக்கிறது. ரோலர் உருளும்போது வரும் சத்தம் சளசளவென்று இல்லாமல், மெல்லிய பட்டுத்துணி உரசுவது போல இருக்கும் அளவுக்கு மையைக் குறைக்க வேண்டும். படலத்தின் ஒரு விளிம்பைப் பலகைக்கு மேலே ஒட்டுநாடாவால் ஒட்டி, கதவைப் போலத் திறந்து மூட வைத்தால் நழுவாது. தாளை நனைத்து, இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்துப் பளபளப்பில்லாத ஈரமாக்கி, அதன் மேல் படலத்தைக் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும்.

தேய்க்கும்போதுதான் எதிர்பாராத ஒரு நன்மை புலப்பட்டது. நேரடியாக அச்சிடும்போது தாளின் முதுகில் தேய்க்கிறோம். 300 கிராம் தாளானால் கரண்டியின் அழுத்தம் மறுபக்கம் போய்ச் சேராது, திட்டுத் திட்டாகத்தான் வரும். ஆகவே எந்திரம் இல்லாதவர்கள் மெல்லிய தாளையே நாட வேண்டியிருக்கிறது. படலத்தைப் பயன்படுத்தும்போது தேய்ப்பது படலத்தின் முதுகில். தாள் கீழே இருக்கிறது. அது எவ்வளவு கனமாக இருந்தாலும் கவலையில்லை. படலம் ஒளி புகக்கூடியது என்பதால், எந்தக் கோடு இன்னும் இறங்கவில்லை என்பதும் ஓரளவு தெரிகிறது. சங்கை வரைந்த அதே ஹாட் பிரஸ் தாளிலேயே அச்சும் எடுக்க முடிந்தது.

வண்ணம் தீட்டப்போகும் அச்சுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை நேரடி அச்சின் பிரதிகளில் ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். முதலில் கழுவ எளிது என்று நீர் கலந்த மையில் அச்சிட்டேன். காய்ந்த பிறகு நீர்வண்ணத்தைத் தொட்டதும் கோடு கரைந்து, இளஞ்சிவப்பு உதடு முழுவதும் பழுப்புச் சேறானது. எண்ணெய் மைக்கு மாறினேன். அது காய ஒரு வாரம் பிடித்தது. ஆனால் காய்ந்த பின் தண்ணீரைச் சட்டை செய்யவில்லை. அடுத்த சிக்கல் தாளில். மல்பெரி நாரால் ஆன மெல்லிய தாள் கோட்டை மிக அழகாக வாங்கியது, ஆனால் அதற்குப் பசையூட்டம் இல்லை. தூரிகை பட்ட இடத்திலிருந்து வண்ணம் ஒற்றுத்தாளில் பரவுவது போல எல்லைகளைக் கடந்து பரவியது. நீர்வண்ணத் தாளில் வண்ணம் மேலேயே நிற்பதற்குக் காரணம், அதற்கு ஏற்கெனவே ஜெலட்டின் போன்ற பசை ஊட்டியிருப்பதுதான். அரை லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, கொதிக்க விடாமல் சூடாக்கிக் கரைத்து, மை காய்ந்த பிரதிகளின் மேல் அகலத் தூரிகையால் பூசித் தொங்கவிட்டேன். பரவுவது நின்றது. தாள் மட்டும் விறைத்து, லேசாக நெளிந்துகொண்டது. கனமான பலகைகளுக்கு அடியில் இரண்டு நாள் வைத்தும் முழுவதும் நிமிரவில்லை.

எதிர்ப்பிரதியில் இந்தத் தொல்லைகள் ஒன்றும் இல்லை. அதைவிட, கோட்டின் வெளிறல் எனக்கு வேண்டியதாகவே அமைந்தது. நேரடி அச்சில் கோடு கருத்து, வண்ணம் அதன் உள்ளே அடைபட்டுக் கிடந்தது. சங்கின் வெண்மையைச் சுற்றி வேலி போட்டது போல. பர்ன்ட் அம்பரோடு சிறிது நீலம் சேர்த்துக் கலந்த மை, எதிர்ப்பிரதியில் பென்சில் கோட்டின் அழுத்தத்துக்கு இறங்கியிருந்தது. அதன் மேல் முன் சொன்ன அதே நான்கு வண்ணங்களை, இந்த முறை இரண்டே பூச்சுகளில் வைத்தேன்: முதலில் நிழல் பக்கத்துக்கு ஒரு வெளிறிய சாம்பல், அது உலர்ந்ததும் உதட்டுக்கு இளஞ்சிவப்பு. வளர்ச்சிக் கோடுகளை மை ஏற்கெனவே சொல்லிவிட்டதால் தூரிகை அவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு பிரதிகளில் நான் சொல்லித்தான் விட்டேன். கோட்டின் மேல் கோடாகிப் படம் கனத்துவிட்டது. அவற்றை வண்ணம் சோதிக்கும் தாள்களாக ஒதுக்கினேன்.

இரண்டாவது பலகையையும் செதுக்கினேன், இந்த முறை டிரேசிங் தாளைக் கவிழ்த்து. கோடுகளைக் குறைத்து, நிழல் பக்கத்தைத் திட்டமாகக் கறுப்பாகவே விட்டு, வெள்ளைக் கோடுகளால் மட்டும் வளைவைக் காட்டினேன். இதற்கு வண்ணம் வேண்டாம். மெல்லிய தாளில் நேரடியாக அச்சிட்டதே போதுமானதாக இருக்கிறது. ஆக, வண்ணம் தீட்டுவதற்கு முதல் பலகை, கறுப்பு வெள்ளைக்கு இரண்டாவது என்று இரண்டும் வேலையில் இருக்கின்றன.

படலத்தின் வழியாக எடுத்தவற்றில் 12 பிரதிகள் தேறின. ஒவ்வொன்றையும் கையால் தீட்டியதால் எந்த இரண்டும் ஒன்றல்ல. ஆகவே கீழே இடப்பக்கத்தில் பென்சிலால் 1/12 என்று தொடங்கி எண் இடும்போது, வண்ணம் கையால் தீட்டப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதினேன். முதல் பலகையின் முதுகில், சணல் துணியின் மேல், தடித்த எழுத்தில் "படலம் வழியாக மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து அந்த இறக்கைச் சிறகு. அது இடது இறக்கையுடையது. டிரேசிங் தாளின் மூலையில் அதையும் குறித்துவிட்டேன்.